காட்டுவதற்கு வந்த சிலிண்டர்

அந்த ஆக்சிஜன் சிலிண்டர் என் வண்டியில்தான் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கிளினிக்கில் ஏற்றி, கச்சிராயபாளையத்தில் எங்கள் டாக்டர் கிளினிக்கில் இறக்கினேன். என்னிடம் இருப்பது ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டி. கரும்பு விதைக்கரணை, உர மூட்டை, பழைய பீரோ என்று எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். அதில் இந்தச் சிலிண்டரும் ஒன்று. போன தடவை கிளினிக்குக்கு ஆய்வு வந்தபோதும் இதையேதான் கொண்டுவந்தேன். கழுத்தில் வெள்ளை பெயிண்ட் ஒரு பக்கம் உரிந்திருக்கும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். உரிமம் புதுப்பிக்க ஒரு கிளினிக்குக்கு ஆய்வு வருகிறது என்றால் மற்ற கிளினிக்குகள் சாமான் கொடுத்து உதவும். தீயணைக்கிற சிவப்பு உருளை, கழிவு போடும் கலர் கலர் தொட்டிகள், சக்கர நாற்காலி எல்லாம் ஊர் ஊராகப் போய் வரும். கல்யாண வீட்டுக்கு அண்டா கொடுக்கிற மாதிரிதான். யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது.

எனக்கு மட்டும் அந்தத் தடவை மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. காரணம் என் பெண்சாதி. அவளுக்கு மூச்சு இளைப்பு. கரும்பு வெட்டு முடிந்து காய்ந்த சோகைக்குத் தீ வைக்கிற மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கிளினிக்கில் போய் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்தால்தான் அவளால் படுக்க முடியும். மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். இப்போது இரண்டு வரி பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். கள்ளக்குறிச்சிக்குப் போக வடக்கனந்தல் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் அவள் மூச்சு தாங்குமா என்று ஒவ்வொரு முறையும் பயம். கிட்டத்தில் இருப்பது இந்த ஒரு டாக்டர்தான். கிளினிக்கை மூடிவிட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

இதை அவரும் தெரிந்து வைத்திருந்தார். சிலிண்டரை இறக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வரும்போது உன் வூட்டுக்காரம்மாவையும் இட்டாந்துடுப்பா. பேஷண்ட் யார்னா ரெண்டு பேர்கிட்ட கேப்பாங்க. அது நல்லா பேசும்."

"இன்னா சார் பேசணும்?"

"நல்லா பாக்கறாருன்னு சொல்லணும். நான் நல்லா பாக்கலியா?"

நன்றாகத்தான் பார்க்கிறார். அதில் பொய் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் போனாலும் கை கழுவிவிட்டு எழுந்து வருவார்.

மறுநாள் அவள் பூசைக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர் முழுக்கப் புது பெயிண்ட். கதவு, ஜன்னல் கம்பி, பெஞ்சு எல்லாம் நேற்றுத்தான் அடித்திருக்கிறார்கள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தரையில் பினாயிலைக் குடம் குடமாகக் கொட்டிக் கழுவியிருக்கிறார்கள். தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை வேறு சாத்திவிட்டார்கள். இளைப்புக்கு வைத்தியம் பார்க்கிற இடம் இது. எனக்கே கண் எரிந்தது.

"வா, வெளிய நிக்கலாம்" என்றேன்.

"சும்மா இருங்க. உள்ள உக்காரச் சொன்னாங்க சிஸ்டரு" என்றாள். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பெயிண்ட்டு நாத்தம் ஆவாதே உனக்கு."

"கலியாண வூட்டுல இல்லாத நாத்தமா? கொஞ்ச நேரம்தானே. நீங்க போய் ஒரு டீ குடிச்சிக்கினு வாங்க, இப்பிடி உர்ருனு நிக்காதீங்க."

டீ குடிக்கப் போனேன். குடிக்க முடியவில்லை. திரும்பி வந்தேன். அதிகாரியின் ஜீப்பைக் காணோம். ரோட்டு வரைக்கும் போனேன், வந்தேன். வண்டியின் டயரை உதைத்துப் பார்த்தேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறார்கள்? அவள் உள்ளே மூடின அறையில் அந்த வாடையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறின பிறகுதான் ஜீப் வந்தது. வயசான அதிகாரி ஒருவர், டாக்டருக்குப் படித்தவர். சுற்றிப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்துத் தலையாட்டினார். சிலிண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் என் பெண்சாதி பக்கம் திரும்பி, "இன்னாம்மா, டாக்டர் நல்லா பாக்கறாரா?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். "நல்லா" என்ற சொல்கூட முழுதாக வரவில்லை. தோள் இரண்டும் மேலே ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

டாக்டர் ஓடிவந்தார். முகமூடியை மாட்டினார், ஊசி போட்டார். விரலில் மாட்டும் கருவியைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "ஆக்சிஜன்" என்றார். சிஸ்டர் சிலிண்டரை இழுத்து வந்தாள். திறக்கச் சாவி இல்லை. சாவி கள்ளக்குறிச்சியில், சிலிண்டருக்குச் சொந்தக்காரரிடம் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்கவில்லை. காட்டுவதற்குச் சாவி எதற்கு?

நான் வண்டிக்கு ஓடி ஸ்பேனரை எடுத்துவந்து கொடுத்தேன். டாக்டரே திருகினார். திறந்துகொண்டது. மீட்டரில் முள் அசையவில்லை. காற்று வரும் சத்தமும் இல்லை. இன்னும் திருகினார். காலி. காலிச் சிலிண்டரைத்தான் ரெண்டு தடவையும் ஊர் தாண்டி ஏற்றி வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அதிகாரிதான் முதலில் வாயைத் திறந்தார். "என் ஜீப்புல ஏத்துங்க."

அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரும் ஏறிக்கொண்டார். கள்ளக்குறிச்சி போகும் வரை அவள் மணிக்கட்டை விடவே இல்லை அவர். வடக்கனந்தலில் ஒரு கரும்பு டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த டிராக்டர்காரனை நான் திட்டிய திட்டை எழுத முடியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "புடவைல பெயிண்ட்டு ஒட்டிக்கிச்சிங்க" என்றாள். துண்டால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

வார்டுக்கு வெளியே வந்தேன். டாக்டர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சட்டையெல்லாம் வியர்வை.

"வூட்லேந்து வரும்போதே எளப்பு ஜாஸ்தியா இருந்துதுன்னு சொல்லிடுப்பா. இல்லன்னா மூடிடுவாங்க. மூடிட்டா நாளைக்கு இத எங்க தூக்கிக்கினு ஓடுவ, சொல்லு."

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். அவர் கும்பிடவில்லை. உண்மையைச் சொன்னார்.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எப்பிடிப்பா வந்துது? காலைலயே இருந்துதா?" என்றார்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல சார். காலைல நல்லாதான் இருந்தா. பெயிண்ட்டு நாத்தத்துல வந்துது. நீங்க வரீங்கன்னு அடிச்ச பெயிண்ட்டு. சிலிண்டரும் நீங்க வரீங்கன்னு வந்துதுதான். நீங்க சொல்லாம வந்திருந்தா ரெண்டுமே இருந்திருக்காது. சிலிண்டரே இல்லன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சொல்லாம வந்தா கதவச் சாத்திக்கினு பூடறாங்களே, நான் இன்னா பண்ண?"

"தொட்டுப் பாத்திருக்கலாம். திறந்து காட்டுன்னு சொல்லியிருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "மூடத்தான் சொல்லணும். சொந்தமா வாங்கி வெச்சா திறக்கலாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூடினார்கள். ஊர் என்னைத்தான் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒருத்தன், "இன்னாண்ணே, டாக்டருக்குப் பூட்டு வாங்கிக் குடுத்தியாமே" என்றான். ஜுரம் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் பொம்பளைகள் என் வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் திருப்பியதும் சரிதான். அந்த வாரங்களில் வண்டியை எங்கேயும் தூரமாகச் சவாரிக்கு எடுக்கவில்லை. வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அவள் லேசாக இருமினாலும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். "உக்காருங்க, நீங்க எழுந்திருக்கறதப் பாத்தாதான் எனக்கு மூச்சு வாங்குது" என்பாள்.

திரும்பத் திறந்த அன்று புதுச் சிலிண்டர் ஒன்று சுவரோரம் சங்கிலி போட்டு நின்றது. சாவி அதிலேயே கயிற்றில் தொங்கியது. டாக்டர் அவளோடு மட்டும் பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டும் என்று நானும் போவதில்லை.

போனால் முதல் வேலையாக அந்தச் சாவியைப் பிடித்துக் கால்வாசி திருகுவேன். உஸ்ஸென்று சத்தம் வரும், முள் ஏறும். மூடிவிட்டு, "உக்காரு" என்பேன் அவளிடம். போன வாரம் டாக்டர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வரும்போதெல்லாம் இப்பிடித் திறந்தா காத்து வீணாப் பூடும்னு சொல்லும்மா."

"பூடட்டும்" என்றேன், நானும் சிஸ்டரைப் பார்த்தே.