கேட்டால் தருவோம் என்ற சீட்டு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேக்கிங்குக்குப் புதிதாக வந்த பிள்ளைகள், எல்லாப் பெட்டியிலும் ஒரு சீட்டுப் போடுகிறோமே, ஏன் என்று கேட்கிறீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் செய்வது விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின். அதற்குள் ஓடும் புரோகிராமில் பெரும்பகுதி வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஆனால் அதைப் போட்டு மெஷின் விற்றால், வாங்கினவர் கேட்கும்போது, நாம் செய்த மாற்றங்களையும் சேர்த்து சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமை எழுதின மூல வரிகளை, கொடுக்க வேண்டும். லைசென்ஸ் அப்படி. நம் முதலாளி 'இலவசம்' என்ற இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார்.

துபாய் ஆர்டர் பேக் ஆகி நின்றபோது, கோடு தராமல் விற்கிறீர்கள் என்று அந்த வெளிநாட்டுக்காரரின் மெயில் வந்தது. துபாய் பார்ட்டிக்கும் ஒரு நகல். விவகாரம் தீராமல் சரக்கு வேண்டாம் என்று பார்ட்டி சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் பேக்கிங் செக்‌ஷனையே மூடுவதாகப் பேச்சு.

உடனே 'கேட்டால் சோர்ஸ் கோடு தருவோம்' என்று சீட்டு அச்சடித்தார்கள். ஒட்டிய பெட்டிகளைப் பிரித்து உள்ளே போட்டோம். வக்கீல் சொன்னதால் அந்த சோர்ஸ் கோடை ஒரு பென் டிரைவில் ஏற்றி என் ரேக்கில் வைத்தார்கள்.

"யோவ் ஏழுமலை, எவனாவது வந்து கேட்டா 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லு. நாளைக்கும் அதையே சொல்லு. நீதான் அதுக்கு மேல பேச மாட்டியே, அதான் உன்கிட்ட வெச்சிருக்கேன்" என்றார் முதலாளி.

மறுவாரமே டில்லிபாபு வந்தான். நம் சர்வீஸ் செக்‌ஷனில் வேலை பார்த்து, முதலாளியோடு சண்டை போட்டுப் போய், பட்டாபிராமில் சொந்தமாகச் சர்வீஸ் கடை வைத்தவன். நம் கஸ்டமரில் பாதிப் பேர் இப்போது அவனிடம்.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் டேப் ஒட்டிக்கினுதான் கீறியா? கடைக்கு உங்க மெஷின் ஒண்ணு வாங்கினேன். உள்ள சீட்டு கீது. சொன்னத குடு."

'நாளைக்கு வா' தொண்டை வரை வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படிப் பார்த்தால் எனக்குப் பொய் மட்டுமல்ல, மெய்யும் வராது. பென் டிரைவை எடுத்து நீட்டிவிட்டேன்.

"இன்னாய்யா, சண்ட போடலாம்னு வந்தா இவ்ளோ சுளுவா குட்த்துட்ட?" என்றான். அவனுக்கு ஏமாற்றம்தான்.

முதலாளி குதித்தார். "அவனுக்காய்யா குடுத்த? ரெண்டு வார்த்த பேசத் தெரியாதவன அங்க வெச்சேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்!"

இரண்டு நாளில் வெளிநாட்டிலிருந்து அடுத்த மெயில். சென்னையில் தெரிந்த ஒருவரை அனுப்பிச் சோதித்தாராம். கேட்டவுடன் கிடைத்ததாம், உள்ளே எல்லாம் சரியாக இருந்ததாம், விவகாரம் முடிந்ததாம். அவர் அனுப்பிய ஆள்தான் டில்லிபாபு. அன்று மாலையே லாரி கிளம்பியது.

முதலாளி என் மேஜைக்கு வந்தார். "அவன்தான் வருவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அதையாவது வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்றவர், ரேக்கில் இன்னும் இரண்டு பென் டிரைவ் வைத்துவிட்டுப் போனார். இப்போது நமக்குப் பிடிபடாத ரிப்பேரை நாமே டில்லிபாபுவுக்கு அனுப்புகிறோம்.

பிள்ளைகளே, பெட்டியை ஒட்டுமுன் ரேக்கைப் பாருங்கள். சீட்டில் சொன்னது அங்கே இருக்க வேண்டும். யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு நன்றாகப் பேச வரும் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் பயம்.

அண்ணனூர்,
ஆவணி முதல் நாள், ஞாயிறு.