மீன் பெட்டியில் வந்த மதர்போர்ட்

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், முதன்முதலாக நானே பாகங்களைப் பொருத்திக் கணினி பூட்டும் ஆசையில் யாழ்ப்பாணத்தில் உதிரிகள் வாங்கினேன். எழுவைதீவுக்குப் படகில் வரும்போது நனையாதிருக்க, அவற்றைத் தான் பிடிக்கும் மீனை ஐஸில் வைக்கும் ரெஜிபோம் பெட்டியில் வைத்தார் கணவர். அட்டைப்பெட்டி அடங்காததால் மதர்போர்டை வெறுமனே வைத்தோம்.

வீட்டில் எல்லாம் பூட்டி, துள்ளாத குறையாகச் சுவிட்சில் கை வைத்தேன்.

“இஞ்சேரும், பொறும். மீன் மணக்குது,” என்று தடுத்தார் அவர்.

“அது குசினிச் சட்டியில இருந்து வருதப்பா.”

“இண்டைக்கு நான் கடலுக்கே போகேல்லையே.”

கழற்றிப் பார்த்தோம். மதர்போர்டெங்கும் பெட்டியின் உப்பீரம். மின்சாரம் பாய்ந்திருந்தால் கருகியிருக்கும்.

ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, திரும்பப் பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. இருவரும் கூவினோம்.

இப்போதும் எந்தக் கணினியைப் பூட்டினாலும், அவர் வந்து மீன் வாடை இருக்கிறதா என்று மணந்து பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.