உதயாதி பன்னிரண்டரை நாழிகை

திருநகரில் சூரியபிரகாஷைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவன் யாரையும் விட்டதில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளை. சம்பளம் தரும் அந்த வேலையைப் பற்றி அவன் பேசி யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் 'அளவுகோல்'தான். சென்ட்டை ஏர்ஸாக்கும், பவுனைக் கிராமாக்கும், படியைக் கிலோவாக்கும். ஒருதடவை எழுதிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம் என்று அவன் எழுதிக் குவித்த மாட்யூல்களுக்கு மொத்தமாக அந்தப் பெயர். மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவதும் அதுதான், பிறந்தநாள், கல்யாணம் என்று சொந்தபந்தத்துக்கும் தெரிந்தவர்களுக்கும் வாழ்த்து அனுப்புவதும் அதுதான். வாழ்த்துக்கு யாராவது நன்றி போட்டால் 'மிக்க மகிழ்ச்சி' என்று உடனே பதில் போடுவதும் அதுவேதான்.

பெரியப்பா செத்துப் பதினாறு கும்பிட்ட மறுவாரம் அவர் போனுக்கே 'நூறாண்டு வாழ்க' என்று வந்து விழுந்தது. பெரியம்மா அதைப் படித்துவிட்டு இன்னொரு பாட்டம் அழுதாள். டேட்டா பழசு, கோடிங் சரியாகத்தான் இருக்கிறது என்றான் இவன்.

அவன் அம்மா இருளாயி பேரையூர்க்காரி. குழம்புக்கு உப்பு ஒரு கை என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தாள். ஒரு கைக்கு எத்தனை கிராம் என்று தராசும் கையுமாக அடுப்படிக்கே வந்து நின்றான். கையை வெட்டித் தராசில் வைக்கவா என்று கேட்டு விரட்டிவிட்டாள். ஆனால் தெருவில் போய், எம் மகன் எல்லாத்தையும் கம்ப்யூட்டருல போட்டுருவான் என்று பீற்றிக்கொண்டதும் அவள்தான். இரண்டு பேருமே சளைத்தவர்கள் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கும் ஒருத்தி மேல் ஆசை வந்தது. கூட வேலை பார்க்கிற தமிழ்வாணி. அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது, அது அவள் கெட்ட நேரம். இருளாயிக்கும் சம்மதம். ஜாதகம் மட்டும் பொருந்த வேண்டும் என்றாள். மகனின் பழைய ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் பிறந்த நாளும் நாழிகையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "உதயாதி பன்னண்டரை நாழிக" என்று ஒப்பித்தாள்.

ஜாதகமெல்லாம் சுத்தப் பித்தலாட்டம் என்று சொல்லித் திரிந்தவன் சூரியபிரகாஷ். அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பான். ஜோசியனுக்கு என்ன தெரியும், நானே மாட்யூல் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தான். உதயாதி என்பது ஏதோ சாமி பேர் மாதிரி மங்கலத்துக்குச் சொல்வது என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டான். ஒரு நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம், பன்னிரண்டரைக்கு ஐந்து மணி நேரம். கம்ப்யூட்டருக்கு நாள் பிறப்பது நள்ளிரவில், ஆகவே அதிகாலை ஐந்து மணி. சரியா என்று சோதித்தும் பார்த்தான். கேள்வியும் அவன் போட்டது, பதிலும் அவன் எழுதியது, நூற்றுக்கு நூறு வராமல் எங்கே போகும்?

திரையில் சிவப்பெழுத்தில் வந்தது, செவ்வாய் தோஷம். தமிழ்வாணிக்குத் தோஷமில்லை. தோஷக்காரனுக்குத் தோஷக்காரியைத்தான் கட்ட வேண்டும் என்று இருளாயி கையை விரித்துவிட்டாள். சிரித்துத் தள்ளியிருக்கலாம் அந்த மடையன். ஜாதகத்தை நம்பாதவன்தான். ஆனால் இது ஜாதகம் இல்லையே, அவன் எழுதிய மாட்யூல் ஆயிற்றே! தமிழ்வாணியைக் கூப்பிட்டு, கணக்கு தப்பாது என்று அவளுக்கே விளக்கம் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, சரிங்க என்று போனை வைத்தாள்.

அப்புறம் இரண்டு வருஷம் தோஷக்காரப் பெண்ணாகத் தேடி அலைந்தார்கள். கடைசியில் மேலூரிலிருந்து தங்கப்பாண்டி என்பவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே, தம்பி எம்புட்டு மணிக்குப் பிறந்தது என்று கேட்டார்.

"பதினோரு மணி இருக்கும்ணே" என்றாள் இருளாயி. "களையெடுக்குற ஆளுகளுக்குக் கஞ்சி கொண்டுபோற நேரம். நல்லா வெயில் ஏறிருச்சு."

சூரியபிரகாஷுக்கு முகம் செத்துப்போனது. இது எப்படி என்று அம்மாவைப் பார்த்தான்.

"உதயாதின்னா பொழுது கிளம்புனதுல இருந்துடா. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்ல மாட்டேனா? பெத்தவ நான்தான?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். உள்ளே ஓடி ஒரே ஒரு வரியைத் திருத்தினான். நேரம் மாறியது, லக்னம் மாறியது, செவ்வாய் நல்ல பிள்ளையாக வேறு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. தோஷமே இல்லை. மேலூர்க்காரர் கூடத்தில் இருக்க, கொல்லைப்பக்கம் போய்த் தமிழ்வாணிக்குப் போன் போட்டான். பிழை எங்கே இருந்தது, எப்படித் திருத்தினான் என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

"அன்னிக்கு மாட்யூல் வேணாம்னுச்சு, போயிட்டீங்க. இன்னிக்குச் சரிங்குது, வாரீங்க" என்றாள் அவள். "இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

திருத்திய வரியை அவன் மறுபடி சொல்ல ஆரம்பித்தான். ஆவணியில் எனக்குக் கல்யாணம், பத்திரிகை அனுப்புகிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். சொன்னபடி பத்திரிகையும் போனுக்கு வந்தது. அவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன்தான் பார்க்கவில்லை. மாட்யூல் பார்த்தது, முகூர்த்த நேரத்தைக் குறித்தும் வைத்துக்கொண்டது.

முகூர்த்தத்தன்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். தலைமாட்டில் கிடந்த போன், 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க, அன்புடன் சூரியபிரகாஷ்' என்று தானாக வாழ்த்தை அனுப்பியது. சாயங்காலம் தமிழ்வாணியிடமிருந்து பதில் வந்தது.

"நன்றிங்க. தாலி ஏறுற நேரத்துக்குச் சரியா வந்துச்சு. இந்தத் தடவ உங்க மாட்யூல் மணி தப்பல."

அவன் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் எழுதிவிடுவது என்று போனைக் கையில் எடுத்தான். அதற்குள் அவள் பதிலுக்குக் கீழே அவன் பேரில் போய்விட்டிருந்தது, 'மிக்க மகிழ்ச்சி'.