சூசைதாசன் அண்ணையும் தொலைந்த கோயில்களும்

"மாமா, அப்பா போயிட்டார்" என்று ரீற்றா டெலிபோனில் சொன்னபோது சனிக்கிழமை காலை எட்டு மணி. லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலுள்ள தங்கள் வீட்டு வாசலில் ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் எடுத்தபடியே சூசைதாசன் அண்ணை சரிந்திருக்கிறார். எங்கே போகப் புறப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரைத் தெரிந்த நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விடுகிற மனிதர் என்றுதான் பலர் அவரை நினைவு வைத்திருப்பீர்கள். எண்பதுகளின் நடுவில் தபால் பிரிக்கும் நிலையமொன்றில் நாங்கள் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். நான் லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறவன். தேநீர் இடைவேளையிலும் அவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். கோப்பையோடு சுவரோரம் நடப்பார். லீவு நாள் வந்தால் ரயில் ஏறி லண்டனுக்கு வெளியே ஒரு பழைய ஊருக்குப் போய்விடுவார். அந்த ஊரில் நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு டசினுக்கு மேல் கிறிஸ்தவக் கோயில்கள் இருந்தனவாம். மூன்று நான்குதான் மிச்சம். ஒன்றின் மேல் கார் தரிப்பிடம், இன்னொன்றின் மேல் சப்பாத்துக் கடை.

"இடிச்சவங்கள் கூரை ஈயத்தையும் மணியையும் வித்திருப்பாங்கள். ஞானஸ்நானத் தொட்டியை என்ன செய்திருப்பாங்கள்? அதைத்தான் தேடுறன்" என்பார்.

ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. நூலகத்தில் பிரதி எடுத்த ஊர்ப்படத்தைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். ஒரு வீட்டின் பின்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார். உள்ளே எட்டுப் பட்டையுள்ள கல்தொட்டி ஒன்றில் பூச்செடிகள். கதவைத் தட்டினோம். தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாலும் உள்ளே விட்டார். குதிரைக்குத் தண்ணீர் வைத்த தொட்டி என்று தன் தகப்பன் சொன்னதாகச் சொன்னார்.

அண்ணை முழங்காலிட்டு, செடிகளை வேரோடு பத்திரமாகக் கிளப்பி வைத்துவிட்டு, மண்ணை இரண்டு கையாலும் அள்ளினார். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். "மந்திரித்த தண்ணீர் கோயில் நிலத்துக்குள்ளேயே இறங்க வேணும் எண்டு வைச்சது. குதிரைத் தொட்டிக்கு இது தேவையில்லை" என்று எனக்குத் தமிழிலும் கிழவிக்கு ஆங்கிலத்திலும் சொன்னார்.

கிழவி கேட்டார், இதில் எந்தெந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று தெரியுமா என்று.

"தெரியாது அம்மா. பதிவுப் புத்தகம் இல்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் கை அசையவில்லை.

திரும்பும் ரயிலில்தான் சொன்னார். ஊரில் சண்டையில் அவருடைய கோயிலும் பதிவேடுகளும் எரிந்துவிட்டன. மகளின் பிறப்புப் பத்திரம் இருந்த கந்தோரும் எரிந்துவிட்டது. மனைவியையும் மகளையும் லண்டனுக்குக் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். ரீற்றா அவருடைய பிள்ளைதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்திருந்தது. "அவளை எங்கடை கோயில் தொட்டியிலை பிடிச்சவன் நான், தம்பி. ஆரிட்டைப் போய்ச் சொல்ல ஏலும்?" ஸ்டேஷன் வருமுன்பே எழுந்து போய்க் கதவருகே நின்றார்.

இரத்தம் கொடுத்து உறவை நிரூபிக்கும் பரிசோதனை அப்போதுதான் வந்திருந்தது. அதைக் கேட்டு இரண்டு வருடம் அலைந்தார். கடைசியில் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மூன்று வயதில் விட்டுவந்த பிள்ளைக்குப் பதினான்கு வயது. வந்த மாதத்திலேயே ஒரு லீவு நாள் அவர் கோட்டைப் போட, நான் பக்கத்தில் இருக்கத்தக்கதாகவே ரீற்றா சொன்னாள்: "நீங்கள் இஞ்சை கல்லுகளைத் தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள். நாங்கள் அங்கை உங்களைத் தேடிக்கொண்டிருந்தம்."

அவர் கோட்டைக் கழற்றினார். பல மாதங்கள் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே படிகளைக் கழுவினார், கதவுகளுக்கு வர்ணம் அடித்தார், அடித்த கதவுக்கே மறுபடி அடித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் ரீற்றாவே, "வாங்கோ, எனக்கும் காட்டுங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். கிழவியின் தோட்டத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதன்பின் அவர் தனியாகப் போனது குறைவு.

செத்தவீடு முடிந்து வந்த இரவு, புத்தகம் இல்லை என்று அவர் கிழவிக்குச் சொன்னதே நினைவில் நின்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஒரு கொப்பியில் யாழ்ப்பாணத்தில் இடிந்துபோன எங்கள் வீட்டில் பிறந்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினேன். ஏழு பேர் வந்தார்கள். சரிபார்க்கக் கனடாவில் இருக்கும் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவ ஏழு பெயரையும் கேட்டா. பிறகு, "என்ரை மூத்ததை விட்டிட்டாய்" என்றா. பிறந்து நாற்பதாம் நாள் இறந்துபோன குழந்தை. அதற்குப் பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அக்கா சொன்னா; எழுதினேன்.

சூசைதாசன் அண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த நிம்மதியின்மைதான். இன்னும் யாரையாவது விட்டிருக்கிறேனா என்று தினமும் கொப்பியைத் திறக்கிறேன்.