எடை போடாத முப்பது

மைக்கின் தலையில் நகத்தால் மூன்று தட்டு. ஒரு செருமல். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த சோம்புக் கிழங்குத் துண்டை மென்று விழுங்கிவிட்டு, கோசிமா ஷால்பி தொண்டையைத் திறப்பாள்.

"உருளே... உருளேய்... மண்ணு வாசம் போகாத உருளே... செவப்பு வெங்காயம், அழ வைக்காத வெங்காயம்... எறங்கி வாங்கம்மா, முடியாதவங்க கூடைய எறக்குங்கம்மா..."

காலை எட்டேகால். நிக்கொலாய் தெருவின் மாடிகளிலிருந்து கயிற்றுக் கூடைகள் ஆடி ஆடி இறங்கும். அவள் வண்டியை விட்டு இறங்க மாட்டாள். மூன்று சக்கர ஆப்பேயை ஒவ்வொரு கூடைக்கும் நேர் கீழே கொண்டுபோய் நிறுத்துவாள். உடம்பைத் திருப்பி, பின்பக்கத் தட்டிலிருந்து கிழங்கை எடுத்துத் தராசில் போட்டு, முள் நிற்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் கூடையில் கொட்டுவாள். அவசரப்படுகிறவர்களுக்கும் அதே கதைதான். முள் நிற்க வேண்டும்.

தென் இத்தாலியில் இப்படிக் காய் விற்கிற ஆப்பேக்காரர்கள் இப்போதெல்லாம் பதிவு செய்த குரலைத்தான் ஓட விடுகிறார்கள். இந்தப் பாரி நகரத்தில் பாதி வண்டிகளுக்கு ஒரே ஆளின் குரல். யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கோசிமாவுக்கு அது பிடிக்காது. "ரெக்கார்டுக்கு எதுக்க யாரு நிக்கிறான்னு தெரியுமா? லியொனார்டாக்காவுக்கு முட்டி வலின்னா நான் அந்த வீட்டு வாசல்ல ரெண்டு வாட்டி கூவுவேன். அவங்க கூடைய எடுத்துட்டு ஜன்னலுக்கு வர நேரம் ஆவும்ல. அது கூவுமா?"

ஐம்பத்து மூன்று வயது. குட்டை உருவம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற புருஷன் சவீனோவின் பழைய சட்டைதான் வெயிலுக்கும் குளிருக்கும். ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பில் துணிக் கிளிப்பு மாட்டி வரிசையாகத் துண்டுக் காகிதங்கள் தொங்கும். கடன் சொன்னவர்கள் பட்டியல் என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எல்லாம் பல்கலைக்கழகப் பாடக் குறிப்பு.

எட்டாம் வகுப்போடு நின்றவள் பல்கலைக்கழகத்துக்குப் போனதற்கு ஒரு பல்பொருள் அங்காடிதான் காரணம். பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், அந்த அங்காடியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவன் வந்து, அவள் கூவுவதைச் செல்போனில் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வானொலி விளம்பரத்தில் இவள் குரல். போய்க் கேட்டாள். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். "அது தெருச் சத்தம்மா. தகவல் தொடர்புங்கறது வேற. அதுக்குப் படிச்சிருக்கணும்" என்று சுவரைக் காட்டினான். சுவரில் கண்ணாடி போட்டு அவனுடைய பட்டம் தொங்கியது.

அவள் அந்தப் பட்டத்தைக் கிட்டப் போய், எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்தாள். என்ன படிப்பு, எந்தத் துறை என்று மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தாள். "இருபது வருசமா தெனம் ஆறு தெருவுக்குச் சேதி சொல்றேன். எனக்குத் தெரியாதது அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துப்புடறேன்."

மாலைப் பள்ளியில் நான்கு வருஷம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் குரலும் வானொலியும் என்று ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்று. அதற்கு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் கடைசி நாளில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். பாதி நாள் வராதவனுக்கும் அதே காகிதம். சவீனோ அதற்குச் சட்டம் போட வேண்டும் என்று ஆணியும் சுத்தியலுமாக நின்றான். கோசிமா அதை மடித்து, ஈரம் கசிகிற கிழங்குப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டாள். தடித்த காகிதம். ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. அதற்கப்புறம்தான் தகவல் தொடர்பும் கலைகளும் என்கிற மூன்று வருஷப் பட்டப் படிப்பு. இவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பத்தொன்பது தேர்வு முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்று.

அந்த ஒன்றுக்கு மூன்று புத்தகம். முதல் இரண்டை எல்லாரும் படிப்பார்கள். மூன்றாவது, சாம்பல் நிற அட்டை போட்ட தடியன். பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது. அதிலிருந்து பேராசிரியர் மொந்துர்ரோ கேள்வி கேட்டதே இல்லை என்று மாணவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் அதை யாரும் வாங்குவதுகூட இல்லை. கோசிமா வாங்கினாள். நான்கு தடவை படித்தாள். பதினொரு மணிக்கு வண்டியை நிழலில் போட்டு, எண்ணெய் ஊறிய ஃபொகாச்சா ரொட்டியை ஒரு கையிலும் அந்தத் தடியனை ஸ்டியரிங் மேலும் வைத்துக்கொண்டு படிப்பாள். பல பக்கங்களில் எண்ணெய் இறங்கி, பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும்.

வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில், பொதுமக்கள் கருத்து என்பது தனித்தனி மனிதர்களின் கருத்தைக் கூட்டி வரும் தொகை அல்ல என்று நிக்கொலாய் தெரு முழுக்கக் கேட்டது. மூன்றாம் மாடியில் லியொனார்டா ஜன்னலைத் திறந்தாள்.

"ஏ கோசி, அந்தப் பொதுமக்கள் கருத்து கிலோ என்ன வெல?"

"உனக்குக் கட்டுப்படியாவாதுக்கா."

"சரி, நாளைக்கு வரும்போது மிச்சத்தையும் சொல்லு. பாதில விட்டுட்டுப் போறியே, ராத்திரி தூக்கம் வருமா எனக்கு?"

அதிலிருந்து லியொனார்டாவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. முந்தின நாள் பாடத்தைக் கோசிமா திருப்பிச் சொன்னால்தான் கூடை முழுசாகக் கீழே வரும். தடுமாறினால் கூடை இரண்டாம் மாடியிலேயே நிற்கும்.

ஜூனில் தேர்வு வந்தது. அதில் தேறிவிட்டால் ஜூலை பன்னிரண்டாம் தேதி பட்டம். சவீனோ அவசரக்காரன். கடற்கரை உணவகத்தில் நாற்பத்திரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு சொல்லிவிட்டான். பட்டம் வாங்குகிறவர் தலையில் வைக்கிற லாரல் இலைக் கிரீடத்துக்குப் பூக்கடையில் பேர் பதிந்துவிட்டான். வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் இரண்டு கிலோ வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான். லியொனார்டா காதுக்கு அது போனதும் தலையில் அடித்துக்கொண்டாள். "கடைசிப் பரிச்சைக்கு முன்னாடி எவனாவது கிரீடம் சொல்லுவானா? கிரேன் ஓட்டினவனுக்கு எங்க இருக்கும் புத்தி. எல்லாம் ஒசரத்துலயே விட்டுட்டு எறங்கிட்டான்."

இங்கே தேர்வு என்றால் வாய்மொழித் தேர்வு. கதவு திறந்தே இருக்கும். முறைக்குக் காத்திருக்கிறவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். கோசிமாவுக்கு முன்னால் போனவள் ஒரு சின்னப் பெண். நாற்பது நிமிஷம் அவளை நிற்காமல் கேட்டார் மொந்துர்ரோ. தேதி கேட்டார், பெயர் கேட்டார், அது ஏன் இப்படி என்று கேட்டார். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபத்திரண்டோடு எழுந்து போனாள். முப்பதுக்கு இருபத்திரண்டு.

"ஷால்பி, கோசிமா."

புத்தகம் மூன்றையும் மேசையில் அடுக்கிவிட்டு, "வணக்கம் சார்" என்று உட்கார்ந்தாள். மொந்துர்ரோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷர். முகம் மலர்ந்துபோயிற்று.

"அந்தக் கொரல் நீங்கதானா? எங்க வீடு நிக்கொலாய் தெரு முக்குல. உங்க சத்தத்துலதான் நான் கண்ணு முழிக்கிறதே. எங்க, பின்னால இருக்கற இவங்களுக்காக ஒரு தடவ கூவிக் காட்டுங்களேம்மா."

தேர்வு தொடங்குவதற்கு முன்னால் மனுஷர் சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்தாள். கூவினாள். அறை சிரித்தது, கை தட்டியது. இந்த ராகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மாமியார் கூவினது என்றாள். மழை நாளில் எப்படி என்றார். சொன்னாள். பன்னிரண்டு நிமிஷம் இப்படியே போயிற்று. புத்தகங்கள் அடுக்கின இடத்திலேயே கிடந்தன.

"நீங்களே ஒரு புத்தகம்மா" என்று மொந்துர்ரோ பேனாவை எடுத்தார். "முப்பது. பாராட்டோட. ஏத்துக்கறீங்களா?"

மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு அப்படிக் கேட்பது இங்கத்து வழக்கம். வேண்டாம் என்று சொல்ல மாணவருக்கு உரிமை உண்டு. சொன்னால் அடுத்த தவணையில் மறுபடி வந்து உட்கார வேண்டும். பத்தொன்பதோ இருபதோ வாங்கினவர்கள் சில பேர் மானத்துக்குச் சொல்வார்கள்.

"இல்ல" என்றாள் கோசிமா.

மொந்துர்ரோ சிரித்தார். "முப்பதுக்கு மேல எங்கிட்ட கெடையாதும்மா."

"நீங்க கேள்வியே கேக்கலையே, சார்."

"உங்கள என்னத்தக் கேக்கறது? நீங்க வாழ்ந்து காட்டறீங்க, நாங்க அத எழுதிட்டு இருக்கோம்."

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டதக் கேளுங்க. அது அழுதுட்டுப் போச்சு. நான் பாட்டுப் பாடிட்டு முப்பது வாங்கிட்டுப் போறதா?"

"அம்மா, இது உங்களுக்குக் கடைசித் தேர்வுன்னு போட்டிருக்கு. இன்னும் நாலு வாரத்துல பட்டம்."

"தெரியும் சார். எங்க தொழில்ல எடை போடாம வெல சொல்ல மாட்டோம். எடை போடாமக் குடுத்தா அதுக்குப் பேரு வேற."

மொந்துர்ரோவின் காது சிவந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசல் வரைக்கும் நின்ற வரிசையைப் பார்த்தார். பேர் எதிரே ஒரு கோடு இழுத்தார். அவள் புத்தகங்களைத் தராசிலிருந்து எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

சவீனோ படிக்கட்டிலேயே நின்றிருந்தான். பட்டென்று கேட்டான். "எவ்வளவு?"

"முப்பது. வேணாம்னுட்டேன்."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே உட்கார்ந்தான். "கோசி, நாப்பத்திரண்டு பேருக்கு நான் என்னத்தடி சொல்லுவேன்?"

"கெழங்கு விக்கப் போயிருக்கான்னு சொல்லு. பொய் இல்லையே."

"பதினெட்டு குடுத்தா வேணாம்னு சொல்லுவாங்க. இருபது குடுத்தா வேணாம்னு சொல்லுவாங்க. முப்பத வேணாம்னு சொன்னவ இந்த ஊர்ல உண்டா? அந்தாளு ஆசையாக் குடுத்தாரு. நாலு எடத்துல தலை நிமிந்து நடந்திருப்பேன்."

"அந்தக் கடைக்காரப் பையனும் ஆசையாத்தான் என் கொரலப் புடிச்சுட்டுப் போனான். ரெண்டு பேருக்கும் தொண்டதான் வேணும். தொண்டைக்கு மேல ஒண்ணு இருக்குன்னு ஒருத்தனும் பாக்கல."

சவீனோ ஒரு வாரம் பேசவில்லை. உணவகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பூக்கடைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தான். அந்தக் கோபத்திலேயே அலமாரியைத் திறந்து சிவப்புப் பாதாமை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றான். இரண்டு கிலோவும் தீர்ந்த அன்றைக்கு, நாக்கு கொய்யாப்பழம் மாதிரி சிவந்திருக்க, அவள் முன்னால் வந்து நின்றான். "அடுத்தது எப்போ?"

"செப்டம்பர்."

"அதுல போச்சுன்னா?"

"அடுத்த வருசம்."

அவன் போய் அவளுடைய வாசிப்புக் கண்ணாடியின் தளர்ந்த திருகை முடுக்கினான்.

தெருவில் கதை பரவாமல் இருக்குமா? "முப்பதத் தூக்கி எறிஞ்சியாமே" என்றாள் லியொனார்டா மேலிருந்து. "எனக்கு ஒரு பத்து குடுத்திருக்கலாம்ல? நான் பள்ளிக்கூடத்துல அதுக்கு மேல பாத்ததில்ல." சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள். இரண்டாம் மாடியில் நிறுத்தினாள். "சொல்லு, சாம்பல் புத்தகம், ஏழாவது பாடம்." ஜூலையும் ஆகஸ்டும் இப்படியே போயின. தர்ப்பூசணிக் காலத்தில் கூவக் கூவத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டின தொண்டையோடு ஏழாவது பாடத்தைச் சொன்னாள்.

செப்டம்பரில் புறப்பட்ட அன்று லியொனார்டா ஜன்னலில் காத்திருந்தாள். "ஓநாய் வாய்க்குள்ள போ கோசி." தேர்வுக்குப் போகிறவரிடம் நல்லபடியாகச் செய் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, கண் பட்டுவிடும்.

"ஓநாய் சாகட்டும்க்கா" என்று அதற்கு வழக்கமான பதிலைச் சொன்னாள்.

மொந்துர்ரோ இந்தத் தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. உட்காருங்கள் என்றார். முதல் புத்தகம், மூன்றாம் அத்தியாயம் என்றார். கோசிமா தொடங்கினாள். நடுவில் ஒரு பெயர் வரவில்லை. மேசைக்கு அடியில் விரல் நகத்தால் மூன்று தட்டுத் தட்டினாள். வந்தது. தப்பான பெயர். அவர் இல்லை என்று தலையாட்டினார். வியர்த்தது. "இருங்க சார், எறங்கி வருது" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், அவர் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்தினார்கள். பெயர் வந்தது. அது ஏன் இப்படி என்றார். சொன்னாள். அப்படியானால் இது எப்படி என்றார். தெரியாது என்றாள். இரண்டாம் புத்தகத்துக்குப் போனார். அதில் அவள் நிறுத்தவே இல்லை, அவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். முப்பத்தைந்து நிமிஷம். சட்டையின் முதுகு ஒட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே சவீனோவின் இருமல் கேட்டது.

மொந்துர்ரோ பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

வெடிப்புகளில் மண் ஏறிய உள்ளங்கை ஒன்று பதிவேட்டின் மேல் வந்து படிந்தது. இன்னொரு கையால் கோசிமா, எண்ணெய் இறங்கின அந்தச் சாம்பல் அட்டைத் தடியனை மேசை மேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"இதுலேருந்து ஒண்ணும் கேக்கலையே, சார்."