கையில் வார்த்த தண்ணீர்

அம்மாவின் முகம் அச்சடித்த தேத்தண்ணிக் கப்புகளை நானே என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பெட்டிகள் ஒட்டியிருந்தபடியால் உள்ளே என்ன இருந்தது என்று அப்போது தெரியாது.

மழை பெய்து ஒழுங்கை சேறாகிக் கிடந்தது. வான் உள்ளே போகாது. மடத்துவெளிச் சந்தியில் இறக்கிய பெட்டிகளைப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவந்து தரவேண்டும் என்று விழாக்காரர் கேட்டார். கனடாவிலிருந்து வந்திருந்த அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். எங்கள் ஊரில் பிறந்து பள்ளிக்கூட வயதிலேயே வெளியே போனவர். ஐம்பது வருடங்களுக்கு முன் புங்குடுதீவில் கொஞ்சம் எடுக்கப்பட்ட ஒரு பழைய தமிழ்ப் படத்துக்குப் பொன்விழா எடுக்க வந்திருந்தார். படச்சுருள்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வெளிநாட்டில் எங்கோ ஒரு பிரதி அகப்பட்டதாம். அதைத் துப்புரவாக்கி, படம் பிடித்த ஊரிலேயே முதலில் காட்டுவதாக ஏற்பாடு.

மண்டப வாசலில் ஒரு பெட்டியின் அடி நனைந்து பிய்ந்தது. கப்புகள் வைக்கோலோடு வெளியே வந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். கிணற்றடி. ஓலைப் பட்டையைச் சரித்துத் தண்ணீர் வார்க்கும் ஒரு பெட்டை. கீழே ஏந்திய இரண்டு ஆம்பிளைக் கைகள். பெட்டையின் நாடியில் இருந்த மச்சம் அம்மாவுடையது.

அந்தக் கிணற்றடியின் கதையைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. அந்த நாளில் கிணற்றுச் சொந்தக்காரர் அல்லாதவர் பட்டையைத் தொடக்கூடாது. வழிப்போக்கன் தாகம் என்று வந்தால் வீட்டுக்காரர் எட்ட நின்று அவன் கையில் வார்ப்பார்கள். அது நல்ல வழக்கம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ சனத்தைக் குனிய வைத்த வழக்கம் அது. ஆனால் கையில் வார்ப்பது எதற்காக என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் தொடாமல் இருப்பதற்காக.

படக்காரர் வந்த அன்று அம்மா, எங்களுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் பங்கான கிணற்றில் தண்ணீர் அள்ளப் போயிருந்தா. கலியாணம் ஆகாத வயது. கதாநாயகன் கை ஏந்தினார், அம்மா வார்த்தா. நடந்தது இவ்வளவுதான். அதைப் பற்றி யார் கேட்டாலும் அம்மாவின் பதில் மாறியதில்லை.

"தண்ணி கேட்டவன், வாத்தனான். பிறகு திரும்பத் திரும்ப வாக்கச் சொன்னாங்கள். இவனுக்கு என்ன இவ்வளவு தாகமெண்டு நினைச்சனான்."

படம் யாழ்ப்பாணத்தில் ஓடியது. எங்கள் ஊரிலிருந்து ஆம்பிளைகள் சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மாவை வீட்டில் விடவில்லை. பார்த்து வந்தவர்களில் ஒருவர், தண்ணீர் குடித்தபிறகு கதாநாயகன் அவளுடைய கையைப் பிடிக்கிறான் என்று சொல்லிவிட்டார். அவருடைய மனைவி அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனா. அதன் பிறகு அம்மா இறைத்த பட்டையைக் கழுவாமல் யாரும் தொடவில்லை. பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கடைசியில் சுருவிலில் இருந்து ஒருவர், இந்தக் கதை ஒன்றும் தெரியாதவர், வந்து கட்டினார். அவர்தான் என் அப்பா. தெரிய வந்தபிறகு அவர் அம்மாவோடு பல வருடங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் "படக்காரியின்ர பெடியன்" என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இன்றைக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க ஏலாது.

அம்மாவுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னா. "நான் வாத்துப்போட்டுத் திரும்பீட்டன், மோனை. அதுக்குப் பிறகு அவங்கள் வேற ஒருத்தியின்ர கையை வைச்சு ஒட்டியிருந்தால் எனக்கெப்படித் தெரியும்?" படத்தைப் பார்க்காமல் அவவால் ஊருக்கு மறுத்துச் சொல்ல முடியவில்லை. எரிந்துபோன படத்தை எங்கே பார்ப்பது?

இனி மண்டபத்துக்கு வருகிறேன். மேடையின் ஒரு பக்கத்தில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, படத்தில் நடித்து இறந்துபோனவர்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மாலை, முன்னால் சிட்டி விளக்கு. கடைசிப் படம் அம்மா. கப்பில் இருந்த அதே முகத்தைப் பெரிதாக்கி, "மறைந்த கிராமத்து அழகி" என்று கீழே எழுதி, மாலை போட்டிருந்தார்கள்.

எப்படியோ வாயைத் திறந்து, "அண்ணை, இவ செத்திட்டாவோ?" என்று விழாக்காரரிடம் கேட்டேன்.

அவர் கப்புகளை எண்ணாமல் தூக்கி அடுக்கிக்கொண்டே சொன்னார். "ஓம், பாவம். கனடா, லண்டன், சுவிஸ் எல்லா இடமும் விசாரிச்சனாங்கள். ஊர்ச் சங்கக்காரர் ஒருதருக்கும் அவவைப் பற்றித் தெரியேல்லை. இருந்தால் எங்கையாவது தெரிய வந்திருக்கும்தானே. நீர் மற்றப் பெட்டியளையும் கவனமாய் இறக்கும்."

மண்டபத்திலிருந்து எங்கள் வீடு மூன்றாவது முடக்கு. அம்மா அந்த நேரம் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு நின்றிருப்பா. உலகம் முழுக்கக் கேட்டவர்கள் ஒழுங்கைக்குள் கேட்கவில்லை. வெளிநாடு போகாதவர்களும் செத்தவர்களும் அவர்களுக்கு ஒரே கணக்கு.

"அவ என்ர அம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியள் விழா ரீசேட் போட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய நெஞ்சிலும் அம்மா தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தா. நான் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். ஏற்றிக்கொண்டு வந்ததற்காக ஒரு கப்பும் ஒரு விழா மலரும் தந்தார்கள்.

அம்மா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "மெலிஞ்சுபோய் இருந்திருக்கிறன்" என்றா. பிறகு, "புத்தகத்தில என்ன கிடக்கு? வாசி."

எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். படம் எடுத்த கதை, பாட்டுகளின் கதை எல்லாம் போய் நடுவில் அம்மாவின் பக்கம் வந்தது. விழாக்காரரே எழுதியிருந்தார். தாகத்தோடு வந்த நாயகனுக்குத் தண்ணீர் வார்த்த தீவுப் பெண்ணின் கையை அவன் மெல்லப் பற்றும் அந்தக் காட்சி நம் மண்ணின் காதலுக்கு அழியாத சாட்சி என்று இருந்தது. சிறு வயதில் தன் தாயார் இந்தக் காட்சியைப் பற்றிக் கிணற்றடியில் சொல்லக் கேட்டதை மறக்க முடியாதாம்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கிணற்றடிக்குக் கதையைக் கொண்டுபோன அந்த மனைவியின் மகன்தான் இவர். தாய் வசையாகச் சொன்னதை மகன் புகழ்ச்சியாக எழுதி, வழுவழுப்பான தாளில் அச்சடித்து, நாடு நாடாகக் கொண்டுபோகப் போகிறார். தண்ணீரை ஏன் கையில் வார்த்தோம் என்பதைக்கூட மறந்துவிட்டார்கள். தொடாமல் இருக்கச் செய்த காரியத்தைத் தொட்டதற்குச் சாட்சி என்கிறார்கள்.

"கையைப் பிடிச்சவனெண்டே எழுதிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டா.

"ஓமணை."

"படம் எப்ப போடுறாங்கள்?"

"நாளைக்கு. உன்ர படத்துக்கு மாலை போட்டு வைச்சிருக்கிறாங்களணை. செத்தவையோட."

அம்மா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது கிடக்கட்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றா.

அடுத்தநாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கதிரை போட்டு இருந்து வந்தா. மண்டபத்தில் பின் வரிசையில் இடம் கிடைத்தது. முன் வரிசைகள் வெளிநாட்டுக்காரருக்கு. விளக்கேற்றினார்கள். மறைந்த கலைஞர்களுக்கு மௌன அஞ்சலி என்று மைக்கில் சொன்னதும் சனம் எழும்பியது. அம்மாவும் எழும்பினா.

"ஆருக்கு மோனை எழும்பினது?" என்று காதுக்குள் கேட்டா.

"உனக்குந்தானணை."

"அப்ப நான் ஏன் நிண்டு கால் நோவான்" என்று இருந்துவிட்டா. மண்டபம் முழுக்கத் தலை குனிந்து நிற்க அவ ஒருத்தி மட்டும் கதிரையில் இருந்தா. பக்கத்தில் நின்ற ரீசேட் பெடியன் முறைத்துப் பார்த்தான்.

பேச்சுகள் வெயில் ஏறும்வரை நடந்தன. பிறகு யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். கிணற்றடி வந்தபோது சனம் கை தட்டியது. அம்மா முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. திரையில் அந்தப் பெட்டை பட்டையை இழுத்தாள். அவன் ஏந்தினான். அவள் வார்த்தாள். அவன் குடித்தான், ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான், வரம்பால் நடந்து போனான். பட்டையில் மிஞ்சியதை அவள் மண்ணில் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். அதோடு வேறு இடம் வந்துவிட்டது.

அம்மா எழும்பினா. "தம்பி, அந்த இடத்தை இன்னொருக்காப் போடும்."

"இருங்கோ ஆச்சி, மறைக்குது" என்று முன்னால் குரல்கள். விழாக்காரர் இருட்டுக்குள் தடவிக்கொண்டு வந்தார். "ஆச்சி, இப்ப நிப்பாட்ட ஏலாது. முடிஞ்சபிறகு பாப்பம்."

"நான்தான் உது" என்றா அம்மா.

அவருக்கு விளங்கவில்லை. மற்றப் பக்கத்திலிருந்து ஒரு வயதான பெண் சொன்னா. அந்த நாளில் அம்மாவோடு தண்ணீர் அள்ளியவ. "ஓமடா தம்பி, அவள்தான். ஆர் செத்தவளெண்டு உனக்குச் சொன்னது? எங்கட வேலிக்கு அங்காலதான் இருக்கிறாள்."

லைற் போட்டார்கள். உடனே எல்லோரும் போனைத் தூக்கினார்கள். விழாக்காரர் ஒரு கணம் மேசையில் இருந்த மாலையைப் பார்த்தார். அடுத்த கணம் மைக்கில் நின்றார். விழாவின் பெரும் அதிசயம், வாழும் வரலாறு என்றார். யாருக்கோ வைத்திருந்த பொன்னாடையோடு ஓடி வந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. செத்தவரை உயிர்ப்பித்ததும் தாங்கள்தான் என்பதுபோல நின்றார்கள்.

அம்மா பொன்னாடையைக் கையால் தள்ளினா. "உது கிடக்கட்டும். அந்த இடத்தைப் போடும்."

போட்டார்கள். குடித்தான், துடைத்தான், போனான். படம் நின்றது. அம்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்து, சத்தம் போடாமல், சந்தையில் விலை கேட்பதுபோலக் கேட்டா.

"பிடிச்சவனோ?"

முன் வரிசைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பின்னாலிருந்து, அந்த வயதான பெண் மட்டும் சொன்னா.

"இல்லையடி."

அம்மா இருந்தா. நான் எழும்பினேன். அவ்வளவு சனத்துக்கு நடுவால் நடந்து போய், மேசையில் அம்மாவின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினேன். ஒரு பூவால் திரியை அமத்தி விளக்கை நூர்த்துவிட்டு, படத்தைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு வந்தேன். முன்பு முறைத்த ரீசேட் பெடியன் மறிக்க வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினான்.

விழா முடிய, மிஞ்சிய கப்புப் பெட்டிகளையும் விழா மலர்ப் பெட்டிகளையும் எங்கள் வளவில் இறக்கி வைக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை நான் அவற்றைச் சந்திக்கு ஏற்றிப் போகவேண்டும். விடிந்ததும் விழாக்காரர் கமெராக்காரரோடு வீட்டுக்கே வந்தார். அம்மா அதே கிணற்றடியில் இன்னொருமுறை தண்ணீர் வார்க்க, தான் கை ஏந்த, வீடியோ எடுக்க வேண்டுமாம்.

"தம்பிக்குத் தாகமோ?" என்று அம்மா கேட்டா.

"இல்லை அம்மா. வீடியோவுக்கு."

"அப்ப ஏலாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சொல்லி விளங்கப்படுத்துவேன் என்று. "சரி, பெட்டியளை ஏத்தும். சந்திக்கு வான் வந்திட்டுது."

"கப்புகளை ஏத்திறன்" என்றேன். "புத்தகம் ஏத்தமாட்டன்."

"ஏன்?"

"படம் பாத்தனீங்கள்தானே அண்ணை. கையைப் பிடிச்சவனோ?"

"அது ஒரு அழகுக்கு எழுதினது. இப்ப ஆர் அதைப் பெரிசாய் எடுக்கப்போகினம்?"

"நாங்கள் எடுத்தனாங்கள்" என்றேன். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுக் கொண்டு போங்கோ."

கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்பக்கத்தில் விளம்பரம் இருக்கிறதாம். வேறு வாகனம் பிடித்து அனுப்புவதாகச் சொல்லிப் போனார். சேறு காயவில்லை, வாகனம் வரவில்லை. புத்தகப் பெட்டிகள் இன்றும் எங்கள் கொட்டிலில் படங்குத் துணியால் மூடிக் கிடக்கின்றன. கோழி ஏறிப் படுக்கிறது.

ஆனால் விழாவிலேயே எத்தனையோ பேர் வாங்கிப் போய்விட்டார்கள். அவை எந்தெந்த நாட்டு அலுமாரிகளில் இருக்கின்றனவோ தெரியாது. படத்தை ஒரு காலையில் ஒரு மண்டபம் பார்த்தது. பொய் அச்சில் இருக்கிறது. அதனால்தான் எழுத்துக் கூட்டத் தெரிந்த அளவில் நானும் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்த மலர் வைத்திருப்பவர்கள் அதன் நடுப் பக்கத்தில் இதைச் செருகி வைக்கட்டும்: அவன் தண்ணீர் கேட்டான், என் அம்மா வார்த்தா. குடித்தான், முகத்தைத் துடைத்தான், போனான். கையைப் பிடிக்கவில்லை.