மூக்கக்கா

கோப்பையைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் தன் முழங்கையின் உட்புறத்தை ஒருமுறை முகர்ந்துகொள்கிறார். அடுத்த கோப்பைக்கு முன்னாலும் அதே. ஏன் என்று கேட்டேன். “நம்ம வாசனை நமக்குத் தெரியாதுல்ல. மூக்கு அங்க போய் ஒரு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு வரும்,” என்றார்.

தன் தம்பி நடத்தும் சின்ன பியர் ஆலையில் அவர்தான் ருசி பார்ப்பவர். கணக்குப் பிள்ளை முதல் பீப்பாய் ஏற்ற வரும் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மூக்கக்கா. அதற்கு முன் இருபது வருடம் மருந்துக்கடையில் நின்றவர். “அப்பவும் கசப்புதான் வித்தேன். என்ன, அத யாரும் ரசிச்சுக் குடிக்கல,” என்கிறார். வாசனை சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் கிடையாது. அவரைப் பற்றி எழுதப் போன முதல் நாள் நான் சென்ட் அடித்துக்கொண்டு போய்விட்டேன். குழாயடியைக் காட்டினார். கழுத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

ருசிக்கு அவர் வைத்திருக்கும் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒரு தொட்டி பியர் “காயாத துணி”. இன்னொன்று “வெண்ணெய் வாடை, ரெண்டு நாள் கிடக்கட்டும்”. ஆலையின் பெருமை பில்ஸ்னர் என்ற வகை பியர். வைக்கோல் நிறம், அப்படி ஒரு தெளிவு. பொதுவாக பில்ஸ்னரில் கசப்பு அடக்க ஒடுக்கமாகக் கடைசியில்தான் வரும். தம்பியோ மணமும் கசப்பும் தருகிற ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டு, அதையே முன்னால் நிறுத்திவிட்டார். கோப்பையை வாயருகே கொண்டுபோனாலே எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல இருக்கும். ஒருமுறை குடித்தவர்கள் மறுபடி தேடி வந்தார்கள்.

போன வருடம் தம்பிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். திரும்பி வந்ததிலிருந்து அவருக்குக் கசப்பு பத்தவில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் பூவைக் கூட்டிக்கொண்டே போனார். எப்படி இருக்கிறது என்று அக்காவிடம் கேட்பார். அக்கா, நன்றாக இருக்கிறது என்பார். ருசி விஷயத்தில் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காத மனுஷி, மூன்று தொட்டிக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார். கடைகளிலிருந்து பீப்பாய்கள் பாதி காலியாகாமலே திரும்பி வர ஆரம்பித்தன. “படுத்துக் கிடந்தப்ப இந்தத் தொட்டியப் பத்தித்தான் பேசினான். அதையும் புடுங்கிட்டா அவன்கிட்ட என்ன இருக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

நான் மறுபடி போயிருந்த அன்று நான்காவது தொட்டி. நானும் ஒரு மடக்கு குடித்தேன். முகம் அஷ்டகோணலாகிவிட்டது, திரும்பி நின்று சமாளித்தேன். தம்பி நிதானமாக வாயில் உருட்டி விழுங்கிவிட்டு, அடுத்த தடவை இன்னும் ஒரு கிலோ பூ கூட்ட வேண்டும் என்றார். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

“போதும் தம்பி. நாலு தொட்டியாவே ஜாஸ்தி. உன் நாக்குக்குத்தான் தெரியல.”

தம்பி கோபப்படவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பெட்டி மேல் உட்கார்ந்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறு வாரம் டீ போட்டுக் குடுத்தேன்ல. சக்கரைன்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டுட்டேன். முழுசாக் குடிச்சுட்டு டம்ளரையும் கழுவி வச்ச.”

தம்பி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒவ்வொரு தொட்டிக்கும் கசப்பு கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சுது. நாக்கு திரும்ப வருதுன்னு நெனச்சேன்க்கா.”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு கசக்கிறது என்றாவது சொல் என்று தம்பி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மூக்கக்காவுக்கு இதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. குனிந்து தம்பியின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கட்டைவிரலை மெல்ல வைத்தார்.

“இவ்வளவுதான் இருக்கணும்.”

பிறகு, இப்போது இருப்பது எவ்வளவு என்று காட்ட, நகம் வெளுக்கும் வரை அழுத்தினார். தம்பி கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தார்.